மணிவிழா மலரில் ஒரு நிலவறை

சந்திரகலா யாரையாவது மன்னித்தாள் என்று இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. பதினைந்து வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன். மன்னிப்பதுதான் பெருந்தன்மை என்று புத்தி சொல்ல வந்தவர்களையும் அவள் மன்னிக்கவில்லை. நல்லது. சில பேரை மன்னிக்கவே கூடாது.

அவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. சிட்னியின் டூங்கபிப் பகுதியில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நகரசபையின் ஆவணக் காப்பகத்தில் வேலை. பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவாள். கலியாணம் கட்டவில்லை. தம்பி நிதுஷனை ஆளாக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று இருந்தவள்.

நிதுஷன் இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினாறு மாதம் வைத்திருந்துவிட்டுத் தற்காலிக விசாவில் வெளியே விட்டார்கள். அவள் அப்போது இன்னும் இரண்டு பெண்களோடு ஒரே அறையில் இருந்தாள். அவனைக் கூட வைத்துக்கொள்ள வழியில்லை. ரெட்ஃபேர்ன் பகுதியில் ஈஸ்வரமூர்த்தி என்பவருடைய பழைய வீட்டின் நிலவறை வாடகைக்கு இருந்தது. தெரு மட்டத்துக்குக் கீழே, ஒரு சாண் யன்னல், கை வைத்தால் ஈரம் ஒட்டும் சுவர், அதற்குள் நாலு கட்டில். முதல் குளிர்காலத்திலேயே நிதுஷனுக்கு மூச்சு முட்டி இழுக்கத் தொடங்கிவிட்டது.

சந்திரகலா போய்ச் சுவரைத் திருத்தித் தரும்படி கேட்டாள். ஈஸ்வரமூர்த்தி அவளை உள்ளே கூப்பிடக்கூட இல்லை.

“கவுன்சிலுக்குச் சொல்லுவன் எண்டு வெருட்ட வந்தனீரோ? சொல்லும் பிள்ளை. அவையள் வந்தால் பின்னாலை இமிக்ரேஷனும் வரும். தம்பியின்ர விசா என்ன நிலைமையிலை கிடக்கெண்டு யோசிச்சீரோ?”

அவள் கவுன்சில் என்ற சொல்லையே எடுத்திருக்கவில்லை. பயந்துபோய்த் திரும்பிவிட்டாள். அடுத்த குளிர்காலத்தில் நிதுஷன் நிமோனியாவில் செத்துப்போனான். இருபத்தாறு வயது. அன்றைக்குப் பயந்ததற்காக அவள் தன்னையும் மன்னிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் காப்பக வேலை கிடைத்தது. நூறு வருஷத்துக்கு முந்திய சுகாதாரப் பரிசோதகர்களின் பதிவேடுகள் அவள் மேசைக்கு வந்தன. அந்தக் காலத்தில் சபையின் ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். அறையின் உயரம், எத்தனை பேர் படுக்கிறார்கள், கக்கூஸ் எங்கே, சாக்கடை எங்கே என்று எல்லாவற்றையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 1911ஆம் ஆண்டுப் பதிவேட்டில் அந்தத் தெருவும் அந்த வீட்டு இலக்கமும் வந்தன. அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். நிலவறை. உயரம் ஆறடி. சுவரில் ஈரம். நால்வர் படுக்கின்றனர், ஒருவருக்கு இருமல். மனிதர் வசிக்கத் தகாதது. பதினாலு நாளுக்குள் கல் வைத்து அடைக்கவும். கீழே வேறு மையில், அடைக்கப்பட்டது என்று ஒரு கையெழுத்து.

ஆக, எவனோ ஒரு வெள்ளைக்காரப் பரிசோதகன் அன்றைக்கே அடைத்துவிட்டுப் போன பொந்தை இந்த மனிதர் உடைத்துத் திறந்து, அதற்குள் எங்கள் பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறார். கேட்டபோது எனக்கே கை துருதுருத்தது.

அவள் சபைக்கு முறைப்பாடு எழுதினாள். பரிசோதகர் வரும் நாளை முன்கூட்டியே வீட்டுக்காரருக்கு அறிவித்துவிட்டுப் போனார். போனபோது கட்டில் ஒன்றும் இல்லை. அரிசி மூட்டையும் உடைந்த கதிரைகளும் இருந்தன. சாமான் அறை என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார். மறுநாள் கட்டில்கள் பழையபடி கீழே இறங்கின.

போன வருஷம் ஈஸ்வரமூர்த்திக்கு அறுபது வயது. மணிவிழாவுக்கு மலர் போட வேண்டும் என்று என்னிடம் வந்தார். அச்சுக்கு வடிவமைப்பதுதான் என் தொழில். எங்கள் ஆட்களின் மலர் எப்படியிருக்கும் என்று தெரியும்தானே. முகப்பில் மாலையோடு படம், பிறகு வாழ்த்துரைகள், பிறகு ஆற்றிய சேவைகள். ஒருவரும் வாசிப்பதில்லை, தன் படம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. இவருடைய சேவைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அதை நான் சந்திரகலாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அகதிப் பொடியளுக்கு இடம் குடுத்ததைப் போடலாமே எண்டு கேளுங்கோ, சிறி அண்ணை. படத்தோடை கேளுங்கோ.”

கேட்டேன். மனிதருக்கு வாயெல்லாம் பல். இரண்டே நாளில் படம் வந்தது. நிலவறைக்குள் நாலு கட்டில், அதில் நாலு பொடியள், நடுவில் பட்டு வேட்டியோடு அவர். கீழே போட அவரே எழுதிக் கையெழுத்தும் திகதியும் வைத்திருந்தார்: ‘என் இல்லத்தின் நிலவறையில் நூற்றிருபது இளைஞர்களுக்கு அடைக்கலம் தந்தேன். இன்றும் தந்து வருகிறேன்.’

அச்சுக்கு முன் ஒருமுறை காட்டினேன்.

“என்ர முகம் கறுப்பாய்க் கிடக்கு. வெளிச்சத்தைக் கூட்டும்,” என்றார்.

கூட்டினேன். சுவரில் இருந்த பூஞ்சணமும் நன்றாகத் தெரிந்தது.

“நிலவறையை அடைச்சால் பொடியள் எங்கை போவினம்?” என்று சந்திரகலாவிடம் கேட்டேன்.

“ரெண்டு பேர் என்ர வீட்டை, ரெண்டு பேர் உங்கடை வீட்டை,” என்றாள். என் மனைவியிடம் அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மணிவிழா. திங்கள் காலை அவள் மலரை ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1911ஆம் ஆண்டுப் பக்கத்தோடும் கொண்டுபோய்ச் சபையில் கொடுத்தாள். இந்த முறை அரிசி மூட்டையைக் காட்டித் தப்ப முடியவில்லை. அறையை அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது, வழக்கும் வந்தது. மண்டபத்தில் வாழ்த்திப் பேசியவர்களெல்லாம் அவருடைய போனை எடுக்காமல் விட்டார்கள். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. மறைத்து என்ன பயன்?

வழக்குக்கு ஒரு கிழமை முந்தி ஈஸ்வரமூர்த்தி சந்திரகலாவின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“பிள்ளை, அது பழைய படம், எனக்குப் பிழையாய் விளங்கிப்போச்சு எண்டு ஒரு கடிதம் குடும். கேஸ் நிக்காது. சனம் என்ர முகத்திலை முழிக்குதில்லை. உம்மடை தம்பியை நான் என்ர பிள்ளை மாதிரி வைச்சிருந்தனான்.”

சந்திரகலா ஒரு பேனையும் தாளும் எடுத்து மேசையில் வைத்தாள்.

“அவன்ர பேரைச் சொல்லுங்கோ. இப்பவே எழுதித் தாறன்.”

அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

“அந்த... உயரமான பொடியன். கிளிநொச்சிப் பக்கம் எல்லோ...”

நிதுஷன் கட்டை. கிளிநொச்சிப் பக்கம் அவன் இருந்ததேயில்லை.

அவள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள். அடுத்த மாதம் நிலவறைக்குக் கல் வைத்துக் கட்டினார்கள். அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டு, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று, வேலை முடியும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.