முனியாண்டிக்கு டார்ச்லைட் கிடையாது

மலேசியாவில், சிரம்பான் தெமியாங்கில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ரோகினியின் அனிமேஷன் ஸ்டூடியோ. இயக்குநர் ரோகினி, படம் வரையும் சந்திரன், வசனம் எழுத வெளிநாட்டிலிருந்து வந்த நான். இவ்வளவுதான் கூட்டம். சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. எந்தக் காட்சியையும் முதலில் அதன்முன் நின்று தானே நடித்துப் பார்த்த பிறகுதான் சந்திரனை வரையவிடுவார் ரோகினி. முனியாண்டி சாமி சுருட்டுப் பிடிக்கும் காட்சிக்காகப் பென்சிலை வாயில் செருகிக்கொண்டு முறைத்தபடியே திரிந்தார். டீ கொண்டுவந்தவர் கிளாஸை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிப்போனார்.

ரோகினி ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். அப்பா சுகுமாறன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். பள்ளி முடிந்ததும் கோலாலம்பூரில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் சேர்ந்தார் ரோகினி. வேறு யாரோ கிறுக்கிய கோடுகளின்மேல் சுத்தமான கோடு போடுகிற வேலை. எல்லாமே வெளிநாட்டுத் தொடர்கள். பனியையே பார்க்காதவர் வருஷக்கணக்காகப் பனிச்சறுக்குப் பிள்ளைகளுக்குக் கோடு போட்டார். ஒருநாள் சொந்தக் கதையை முதலாளியிடம் நீட்டினார்.

"எஸ்டேட் கதையை யார் பார்ப்பா? ரப்பர் மரமா?" என்று சிரித்தாராம் அவர்.

"அடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு மூக்குத் தொடைச்சது போதும்லா" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார் ரோகினி.

அந்தக் கதைதான் முதல் படம். மழை மூடிய சாயங்காலத்தில் செம்பனைக் காட்டுக்குள் ஒரு சிறுமி வழி தவறிவிடுகிறாள். எஸ்டேட் எல்லையில் காவலிருக்கும் முனியாண்டி எழுந்து முன்னால் நடக்கிறார். மீசையைத் தவிர அவர் முகம் தெரிவதில்லை. சுருட்டு நெருப்பும் புகை வாசமும்தான் அவளை வீடு சேர்க்கின்றன.

வரையத் தொடங்குமுன் பூப் போட்டுக் கேட்க வேண்டும் என்று அம்மா பஞ்சாலை ஒற்றைக் காலில் நின்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்; வெள்ளை வந்தால் சம்மதம். எஸ்டேட் முனியாண்டி முன் போட்டு ஒன்றை எடுத்தார்கள். வெள்ளை வந்தது. "சாமி உத்தரவு குடுத்துட்டாரு, இனிமே எவன் தடுப்பான்?" என்றார் அம்மா.

தடுக்க ஜெயந்தன் வந்தார். தொலைக்காட்சி நிலையத்தில் சிறுவர் நிகழ்ச்சிகளை வாங்குகிறவர், யாழ்ப்பாண வம்சாவளி, நல்ல மனிதர். பாதி முடிந்த படத்தைப் பார்த்து நிஜமாகவே கண் கலங்கினார். பிறகு மெல்லக் கனைத்தார்.

"அருமையா இருக்கு ரோகினி. அந்தச் சுருட்டை மட்டும் எடுத்துவிடுங்கோ. பிள்ளையள் பாக்கிற படம். கையிலை ஒரு டார்ச்லைட் குடுத்தால் போச்சு."

"டார்ச்லைட்டா? அப்புறம் அது சாமி இல்லங்க. பேங்க் வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா."

சந்திரன் சிரித்துவிட்டு உடனே இருமினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படம் விலைபோனால்தான் ஸ்டூடியோ. ஸ்டூடியோ இருந்தால்தான் என் வேலை பெர்மிட்.

ஜெயந்தன் கோபப்படவில்லை. சாப்பாட்டுக் கேரியரோடு வந்திருந்த பஞ்சாலையைப் பார்த்தார். "அம்மா, பூப் போட்டுக் கேட்டுத்தானே தொடங்கினீங்கள்? திரும்ப ஒருக்கா கேளுங்கோவன். சாமியே ஓமெண்டு சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இதுவும் நல்ல யோசனதான். பாசார்ல பூ வாங்கிட்டு வந்துடறேன்."

"உக்காரும்மா" என்றார் ரோகினி. "செகப்பு வந்தா இவரு சுருட்டு இருக்கட்டும்னு விட்டுடுவாரா? நீயே கேளு."

ஜெயந்தன் கைபேசியைப் பார்த்தார்.

"விடமாட்டாரு. அப்புறம் எதுக்குச் சாமியக் கூப்புட்டு மானங்கெடுத்தணும்? முடியாதுன்னு நான் சொல்றேன். படத்துக்கு டைரக்டர் நான். பழியத் தூக்கி அவரு தலையில வைக்கமாட்டேன்."

"திமிருடி உனக்கு" என்றார் அம்மா. கேரியரைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை வரை அவகாசம் தந்தார் ஜெயந்தன். ஒரு வரியில் பதில் போனது: மாற்றம் இல்லை. நிலையத்தில் அந்த ஒளிபரப்பு நேரம் வேறொரு படத்துக்குப் போயிற்று. சந்திரன் கணினியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னா துக்க வீடா? தொறடா. புகை இன்னும் கெட்டியா வேணும்" என்றார் ரோகினி.

காலையில் டியூஷன் சென்டர் விளம்பரங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு முனியாண்டி. அப்படித்தான் படத்தை முடித்தோம். என் பெர்மிட்டையும் அந்த விளம்பரங்கள்தான் காப்பாற்றின. முடிந்த படத்தை ரோகினி இணையத்தில் தானே ஏற்றினார். அவர் எதிர்பார்த்தது பாராட்டோ திட்டோ. வந்ததோ கமெண்ட் பகுதியில் வழக்கு. எங்க முனியாண்டிக்குச் சுருட்டு இடது கையில்தான் என்றார் ஒருவர். மீசை பத்தாது என்றார் சி ரூசா ஊரிலிருந்து ராக்கம்மா என்பவர். எங்க சாமி குதிரையில்தான் வரும், நடக்கிறது யாரு என்று கேட்டார் மூன்றாமவர். பேசாமலிருந்த பஞ்சாலையும் மகளுக்குக் குரல் பதிவு அனுப்பினார்: "மீச பத்தாதுன்னு நானும் அப்பவே நெனச்சேன்."

சந்திரன் பயந்துபோய், "மாத்திடலாமாக்கா?" என்றான்.

ரோகினி அவன் விசைப்பலகையை இழுத்து, எல்லாருக்கும் ஒரே பதிலைத் தட்டினார். "அது உங்க எஸ்டேட் முனியாண்டி. இது எங்க எஸ்டேட்டு. உங்களத நீங்க வரைங்கலா. வரையத் தெரியலன்னா தெமியாங்குக்கு வாங்க, சொல்லித் தரேன்."