பாசிக் குவியலும் என் பெருமையும்

சென்ற புதன்கிழமை காலை, என் பெருமை முழுவதும் ஈரப் பாசிக் குவியலாய்க் குட்டையில் மிதந்தது!

முன்கதையை அறிந்த வாசகர்கள் பொறுத்தருள்க. கல்வராயன் மலைச்சரிவில் பெய்யும் மழைதான் என் வீட்டுக் கொல்லைக் குட்டையை நிரப்புகிறது. அங்கே முக்குளிப்பான் இணையொன்று குடியேறியது. இங்கே மூழ்கி அங்கே எழும் சின்னஞ்சிறு நீர்ப்பறவை அது. கோரைத் தண்டுகளில் பிணைத்து மிதக்கும் கூடு கட்டியது. மொட்டைமாடியிலிருந்து தொலைநோக்கியால் எண்ணினேன் — ஐந்து முட்டைகள்.

எண்ணியதோடு நின்றேனா? இந்த இதழின் இதே பக்கத்தில் எழுதியும் விட்டேன். சின்னசேலத்து வாசகர் ஒருவர், ஞாயிறன்று குடும்பத்துடன் காண வருவதாக மடல் வரைந்தார்.

புதனன்று குறிப்பேட்டுடன் கரைவரை நடந்தேன். பறவை இல்லை. முட்டைகளும் இல்லை. கூட்டின்மேல் அழுகிய பாசி மட்டும்...

"நீங்க எழுதினத படிச்சிட்டு கீரி வந்துகீது போல" என்றார் என் மனைவி.

வாசகர் வந்து வெறுங்கூட்டைக் கண்டால்? நாணம் மனிதனை எதைத்தான் செய்யத் தூண்டாது! குட்டையில் பாசி வார வந்திருந்த அஞ்சலையிடம், அந்தக் குவியலையும் வாரிக் கரையில் எறியச் சொன்னேன்.

அஞ்சலை அடுத்த தெருக்காரர். நாற்று நடவும் களை பறிக்கவும் செல்லும் கூலித் தொழிலாளி. இடுப்பளவு நீரில் இறங்கிக் குவியலில் கைவைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

"ஐயா, இன்னா வேல சொல்றீங்க? உள்ள முட்ட கீது!"

"இல்லையம்மா, நான் நன்றாகப் பார்த்தேன்."

"இன்னாத்த பாத்தீங்க? தொட்டா வெதுவெதுன்னு கீது. நீங்க கிட்ட வரசொல்லவே அது பாசிய இழுத்து மூடிட்டு முங்கிக்கினு பூட்டுது. நான் மட்டும் வூட்ட வுட்டு வரசொல்ல சோத்துப் பானைய தெறந்து போட்டுட்டா வரேன்?"

ஒரு பிடி பாசியை விலக்கிக் காட்டினார். ஐந்தும் இருந்தன! வெண்மை மறைந்து பழுப்புக் கறை ஏறியிருந்தது. இன்னும் ஒரு நொடியில், என் வாய்ச்சொல்லாலேயே...

"மூடும்மா, விரைவாக மூடு!"

"நான் மூடிக்கிறேன். நீங்க மொதல்ல உள்ள போங்க. ஒங்களப் பாத்துத்தான் அது பயப்படுது."

போனேன். சாளரத்தின் பின்னே நின்றேன். மனிதக் கை பட்ட கூட்டுக்குப் பறவை திரும்புமா? பாசி வாருவதை விட்டுவிட்டு, அஞ்சலையும் வாழை மறைவில் பதுங்கியிருந்தார். நெடுநேரம் நீரில் அசைவே இல்லை.

பிறகு கோரையடியில் நீர் பிளந்தது. ஒரு சிறு தலை எழுந்தது. கூட்டில் ஏறி, அலகால் பாசியை இடமும் வலமுமாக ஒதுக்கி, உடலை ஒருமுறை அசைத்து, அமர்ந்தது.

வாழை மறைவிலிருந்து அஞ்சலையின் கை உயர்ந்தது — ஐந்து விரல்களும் விரிந்திருந்தன.

ஞாயிறன்று சின்னசேலத்தார் வந்தனர். மொட்டைமாடியில் விளக்கவுரை நிகழ்த்த நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள், தலைவாரிப் பூவைத்து வந்திருந்த அஞ்சலை தொடங்கிவிட்டார்.

"குந்திக்கினு பாருங்க, சத்தம் போடாதீங்க. ஐயா இத்த வாரித் தூக்கிப் போடச் சொன்னாருங்க. நான்தான் வுடல!"

அதில் ஒரு சொல்லும் மிகையன்று. எத்தனை நூல் கற்றென்ன? மாடியிலிருந்து பார்த்தவனுக்கு எண்ணிக்கை தெரிந்தது. நீரில் இறங்கியவருக்கன்றோ சூடு தெரிந்தது!

ஆகவே, மீண்டும் பெருமையோடு எழுதுகிறேன்: எங்கள் குட்டையில் ஐந்து முட்டைகள் இருக்கின்றன. அவற்றை என்னிடமிருந்து காத்த அஞ்சலை, அடுத்த தெருவிலேயே இருக்கிறார்.

தொலைநோக்கி இப்போது அவர் கழுத்தில்... நான் கேட்டுத்தான் வாங்கிப் பார்க்கிறேன்!