என் சைடு, உன் சைடு

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில்லில் மேஸ்திரி நூலைத் தொடக்கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு பகல் ஷிப்ட் விட்டு, எனக்குப் பச்சைக் கோட்டை மாட்டி மேஸ்திரியாக்கியபோது மானேஜர் சொன்ன முதல் பாடமே அதுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டுமாம். வருஷக்கணக்காக அறுந்த நூலை ஒட்டிய கை இது. பின்னால் கட்ட நான் என்ன ஜெயில் கைதியா?

நூற்கும் மிஷினில் ஒருத்தி பார்க்கும் பக்கத்துக்குச் சைடு என்று பெயர். 'என் சைடு, உன் சைடு' என்பதுதான் அங்கே சட்டம். பக்கத்துச் சைடில் நூல் கொத்துக்கொத்தாக அறுந்து கிடந்தாலும் எவளும் எட்டிப் பார்க்க மாட்டாள்.

கரண்ட் போய் வந்தால் எங்கள் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கும். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கும்போது நூலெல்லாம் படபடவென்று அறும். "அடுத்த தடவையும் சாயங்காலம் வரைக்கும் ஒட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா, ஷிப்ட ஆம்பளைகளுக்கே குடுத்துருவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வரும் அத்தனை பேர் வேலையும் போய்விடும். என் வேலையும்தான்.

ஆடிக் காற்றில் ஒரு நாள் காலையிலேயே கரண்ட் போனது. வந்ததும் பழைய கதைதான். அவளவள் தன் சைடில் முட்டி மோதினாள். புதிதாகச் சேர்ந்த மம்சாபுரத்துக்காரி அழுதே விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு அவள் சைடில் போய் நின்றேன்.

"ஏட்டி, எல்லாரும் மிஷின நிறுத்திட்டு இங்க வாங்க! இன்னைக்கு நமக்கு ஒரே சைடுதான். இத முடிச்சிட்டுப் பொறவு அடுத்தது."

"எஞ்சைடுல அம்புட்டும் அந்து கெடக்கு. அதப் போட்டுட்டா வரச் சொல்லுத?" என்றாள் எங்களில் மூத்தவளான ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி.

"ஒஞ்சைடுக்கு நாங்க எல்லாரும் வாரோம். மொதல்ல நீ வா."

முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அத்தனை கைகளும் சேர்ந்து ஒட்டியதும் அந்தச் சைடு ஓடியது. அடுத்ததற்குப் போனோம். மூன்றாவதில் நிற்கும்போது மானேஜர் வந்தார்.

"என்னம்மா இது? மேஸ்திரியே நூல் ஒட்டுனா அப்பொறம் என்ன மரியாதை? நீ எங்க சைடா, அவளுக சைடா?"

"இந்தா, இந்தச் சைடு" என்று மிஷினைக் காட்டினேன். "ஒட்டத் தெரிஞ்சா செத்த நேரம் நில்லுங்க. இல்லன்னா வழிய விடுங்க சார்."

மனுஷனுக்கு முகம் செத்துப்போயிற்று. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எல்லா மிஷினும் ஓடின. ஷிப்ட் தப்பியது. மறுநாள் என் பச்சைக் கோட்டைப் பிடுங்கி அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு மாட்டினார்கள். நான் பழையபடி நூல் ஒட்ட நின்றேன். அழவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

அதே மாதம் மறுபடி கரண்ட் போய் வந்தது. இந்தத் தடவை மானேஜர் முன்கூட்டியே வந்து வழியில் நின்றுகொண்டார். புது மேஸ்திரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பச்சைக் கோட்டைக் கழற்றி அதே நாற்காலியில் எறிந்தாள்.

"ஏட்டி, எல்லாரும் இங்க வாங்க!"

மானேஜர் தானாகவே ஒதுங்கி வழிவிட்டார்.