அண்ணி திட்டமிட்ட அந்தமான்

என் அண்ணி அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. குரும்பகரத்தில் அண்ணன் வயலைப் பார்த்துக்கொள்ள, அவர் ஸ்கூட்டியில் காரைக்காலுக்கு வேலைக்குப் போய்வருவார். அந்தமானுக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

"பறவை பாக்க அவ்வளவு தூரம் போவணுமா? நம்ம வயல்ல இல்லாததா?" என்றான் அண்ணன்.

"அங்க உள்ளது இங்க வராதுங்க. நாமதான் போவணும்."

அந்த மழைக்காலம் முழுக்க, ஞாயிறு தவறாமல் நான் கோவில்பத்திலிருந்து அங்கே போய்விடுவேன். கூடத்தில் அந்தமான் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொரு டம்ளர் வைப்போம். அண்ணிக்கு நார்கொண்டம் தீவின் இருவாச்சி மேல்தான் ஆசை. உலகத்தில் அந்த ஒரு தீவில் மட்டும் இருக்கிற பறவை. அனுமதி கேட்டு எழுதினார். சுற்றுலா வருகிறவர்களை விடுவதில்லை என்று பதில் வந்தது. இரண்டு ஞாயிறு வரைபடத்தை அவர் தொடவே இல்லை. மூன்றாம் ஞாயிறு அவரே எடுத்து விரித்தார்.

"சரி, கருப்பு மரங்கொத்தியாச்சும் பாப்போம். அதுவும் அந்தமான்ல மட்டுந்தான் இருக்கு. பெரிய தீவுலயே பாக்கலாம்."

புதிதாக வாங்கிய பைனாகுலரோடு வரப்பில் குடை பிடித்து நின்றோம். என் கண்ணுக்கு மங்கலாகப் பச்சைதான் தெரிந்தது. "நாரைன்னு நெனச்சு நாத்த பாக்குற" என்று அண்ணி சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது. அவ்வளவு சிரித்த மழைக்காலம் எனக்கு வேறு இல்லை.

சம்பா அறுப்பு முடிந்து மாசியில் போவதாக மூவருக்கும் டிக்கெட் எடுத்தோம். தை மாதம் அண்ணிக்கு மாஹேக்கு மாற்றல் உத்தரவு வந்தது. காரைக்காலைப் போல மாஹேயும் எங்கள் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான், ஆனால் இருப்பது கேரளக் கரையில். புது இடத்தில் சேர்ந்த கையோடு லீவு கிடைக்காது. நான் டிக்கெட்டை ரத்து செய்யலாம் என்றேன்.

"வேண்டாம். ஒங்க அண்ணனோட போயிட்டு வா. யாராச்சும் ஒருத்தர் பாக்கணும்ல" என்றார். பெட்டி அடுக்கியபடியே சொன்னதால் முகம் தெரியவில்லை.

அந்தமானில் மூன்றாம் நாள் காலை, காட்டோரப் பாதையில் அண்ணன் சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினான். பட்டுப்போன மரத்தில் அது செங்குத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கருப்பு, தலையில் மட்டும் சிவப்புக் கொண்டை. அவன் கண்ணை எடுக்காமலே போனை எடுத்து மாஹேக்குப் போட்டான்.

"பாத்துட்டேன்" என்றான், ரகசியம் சொல்வது போல.

"நெத்தியிலயும் செவப்பு இருக்கா?" ஒட்டி நின்ற எனக்கும் அண்ணியின் குரல் கேட்டது.

"இருக்கு. நெத்தியிலேருந்தே."

"அப்ப அது ஆணுங்க."

பறவை பறக்கும்வரை ஒரு கால்மணி நேரம், அது செய்ததையெல்லாம் அண்ணன் ஒன்றுவிடாமல் சொன்னான். அண்ணி ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டினார்.

"சரி, ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.