சர்வீஸ் சென்டரில் ஓர் அறைக் கண்காணிப்பாளர்

காலை ஏழு நாற்பத்திரண்டு. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அந்தச் சிவப்பு விளக்கு எரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே காரின் கடிகாரமும் இருந்ததுதான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கத்தைத் தாண்டியிருந்தோம். மகள் ஓட்டினாள். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தபடியே வந்தேன்.

விளக்கில் ஒரு எண்ணெய்க் கெண்டியின் படம். அதன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"ம்மா, அப்பவே வாசன வருதுன்னு சொன்னேன்ல?"

சொன்னாள்தான். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே சொன்னாள். "நேத்துதான ஆயில் மாத்துனோம். புதுசுன்னா அப்பிடித்தான் வாசன வரும். புதுத் தோசைக்கல்லு மொத நாளு பொகையல?" என்று அவளுக்கு விளக்கம் சொன்னவள் நான். இருபத்தைந்து வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவளுக்கு, தெரியாத விஷயத்துக்கும் உடனே விளக்கம் சொல்லிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது.

அவள் பதறாமல் இடது பக்கம் ஒதுக்கி, ஒரு பஞ்சர் கடை ஓரமாக நிறுத்தினாள். பானெட்டின் இடுக்குகளிலிருந்து புகை வந்தது. திறந்து பார்த்தோம். சாம்பார் கொதித்து வழிந்த அடுப்பு மாதிரி இஞ்சின் முழுக்க ஆயில். நடுவில், ஆயில் ஊற்றுகிற வாய் 'ஆ' என்று திறந்து கிடந்தது. மேலே மூடி இல்லை.

மகள் என்னைப் பார்த்தாள். நான் மூடியைத் தேடுவதுபோலக் குனிந்து ரோட்டைப் பார்த்தேன்.

அன்று அவளுக்கு வேலையில் முதல் நாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியை வேலை, ஒன்பதரைக்கு முதல் வகுப்பு. வேலை கிடைத்த நாளிலிருந்தே வீட்டில் ஒரே பேச்சு: அவள் தினமும் கடலூரிலிருந்து போய்வருவதா, சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்குவதா? தோழி ஒருத்தி அறையெல்லாம் பார்த்து வைத்திருந்தாள். நான்தான் மன்றாடி, நம் பழைய கார் சும்மாதானே நிற்கிறது, அதை ஒழுங்காகச் சர்வீஸ் செய்து தருகிறேன், வீட்டிலிருந்தே போய்வா என்று சம்மதிக்க வைத்தேன். ஒரே பிள்ளை. அவள் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டால் சாயங்காலம் வீட்டில் நான் யாரிடம் சண்டை போடுவேன்? அவள் அப்பா சண்டைக்கு வரமாட்டார், தூங்கிவிடுவார். முதல் நாள் கூடவே போவதற்காக நான் விடுப்பும் எடுத்திருந்தேன்.

சிதம்பரம் போகும் பேருந்துகள் அந்தச் சாலையில் நிறையவே வரும். ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"நீ வண்டிகிட்ட இரும்மா. நான் கிளாஸுக்குப் போறேன்."

"தனியாவா?"

"பஸ்ஸுல அம்பது பேரு இருக்காங்க." படியில் ஏறிக்கொண்டே திரும்பினாள். "இஞ்சின் போச்சுன்னா சொல்லு. சாயங்காலம் அந்த ரூம பாத்து முடிச்சிட்டே வரேன்."

பேருந்து போய்விட்டது. மிரட்டவில்லை, அவள் மிரட்டுகிறவள் இல்லை. நேர அட்டவணையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதனால்தான் செய்துவிடுவாள் என்று தெரிந்தது.

பஞ்சர் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டி, வாயில் வேப்பங்குச்சியோடு நின்றார்.

"எங்க மேடம் சர்வீஸ் உட்டீங்க?"

"ஷோரூம்லதான்."

"அதான பாத்தேன். ஷோரூம்காரன் கோட்டு போடுவான் மேடம், நட்டு போட மாட்டான்." தன் சொல் அவருக்கே பிடித்துப்போய், கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்த ஆளிடம் இன்னொரு முறை சொன்னார். பிறகு என்னிடம், "இஞ்சின் சீஸ் ஆயிருக்கும். பரங்கிப்பேட்டையில எங்க மச்சான் ஒர்க்ஷாப்பு வச்சிருக்காரு. கயிறு கட்டி இழுத்துட்டுப் போயி எறக்கிடலாம். நாலு நாள்ல குடுத்துருவாரு."

சீஸ் என்றால் உள்ளே எல்லாம் உராய்ந்து இறுகிப்போவது என்று அவரே விளக்கினார். இரண்டு கையையும் பிசைந்து காட்டினார்.

ஷோரூமின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். சர்வீஸுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பிறகு பாட்டுப் போட்டது. என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் நடுநடுவே வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஷோரூம் திறக்க ஒன்பது மணி ஆகும். வைத்துவிட்டு மறுபடி ஒன்று, மூன்று, பாட்டு.

அந்தப் பாட்டைக் கேட்டபடி நின்றபோதுதான் முந்தின நாள் மத்தியானம் ஞாபகத்துக்கு வந்தது.

ஷோரூமில் வண்டியைக் கொடுத்தவர்கள் உட்காருவதற்கு ஒரு கண்ணாடி அறை உண்டு. ஏசி, டிவி, காபி மெஷின். வேலை நடக்கும் இடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அங்கே வாடிக்கையாளர்கள் வரக்கூடாது என்று பலகை இருந்தது. பலகையைப் படித்துவிட்டு உள்ளே போனேன். எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: பக்கத்துல நின்னு பாரு, பழைய ஃபில்டர தொடச்சி அதையே திரும்ப மாட்டிருவான். நானும் விடுவேனா? அதற்கு முந்தின நாளே மகளின் நகப்பூச்சை எடுத்து, பக்கத்து வீட்டு டிரைவர் தம்பியிடம் கெஞ்சி, பழைய ஆயில் ஃபில்டரின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன்.

வேலை பார்த்தவருக்கு என் வயதிருக்கும். காதோரம் நரை. ஒரு வேலை முடிந்துதான் அடுத்த வேலை என்று நிதானமாகச் செய்கிறவர். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஐ.டி.ஐ. படிச்சிருக்கீங்களா?"

"ஆமா டீச்சர்." நான் டீச்சர் என்று சொல்லவே இல்லை.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"நெல்லிக்குப்பத்துல டிராக்டர் பாத்துட்டிருந்தேன். கரும்பு வண்டிங்க."

"இந்த கேன்ல சீல் இருந்துச்சா?" காட்டினார். "பழைய ஆயில் ஏன் இவ்ளோ கறுப்பா இருக்கு?" சொன்னார். "அளவு எப்பிடித் தெரியும்?" கம்பியை உருவிக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என் மகள், வந்து உட்காரும்மா என்று மூன்று முறை கையாட்டினாள். நான் மூன்று முறையும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அவர் புது ஆயிலை ஊற்றி முடித்து, மூடியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் நான் கேட்டேன்.

"பழைய ஃபில்டர் எங்க?"

அவர் மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கழிவு டிரம் வரைக்கும் போய், அந்த ஃபில்டரைத் தேடி எடுத்து, துணியால் துடைத்துக் கொண்டுவந்தார். சிவப்புப் புள்ளி இருந்தது. அவரும் பார்த்தார்.

"என்னா டீச்சர், நெயில் பாலிஷா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் நடுவில் டை கட்டிய ஒரு தம்பி வந்து, "ரெடியாண்ணே?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பானெட்டை டப்பென்று மூடினார். "மேடம், வண்டி ரெடி."

பொதுத் தேர்வில் அறைக் கண்காணிப்பாளராக எத்தனையோ முறை போயிருக்கிறேன். எந்தப் பிள்ளையின் பின்னாலும் ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். நின்றால், தெரிந்த விடையும் பிள்ளைக்கு மறந்துபோகும். பேனா நடுங்கும். கூட்டலில் ஒன்று விட்டுப்போகும். புதிதாக வரும் ஆசிரியைகளிடம் நானே இதைச் சொல்லியிருக்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்தில், காதில் ஷோரூம் பாட்டோடு நின்றபோது, நான் சொன்னதே எனக்கு நினைவு வந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "நீ உள்ள போயி நின்னியா?"

"அது இப்ப முக்கியமா?"

"இல்ல, கேட்டேன்."

இதற்கிடையில் தெரியாத எண் ஒன்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான் காலையில் இப்படித் தொந்தரவு செய்வார்கள். மூன்று முறை வெட்டினேன். நான்காவது முறை, ஷோரூமுக்கு மூன்றை அழுத்தப் போன விரல் தவறி அந்த அழைப்பை எடுத்துவிட்டது.

"டீச்சர், போன வைக்காதீங்க. ஷோரூம்லருந்து பேசறேன். நேத்து ஆயில் மாத்துனனே." மூச்சு வாங்கியது. "மூடி எம் பாக்கெட்ல இருக்குது."

"உங்க பாக்கெட்ல ஏன் இருக்கு?" என்று கத்தினேன். எங்கே இருக்க வேண்டியது, ஏன் அங்கே இல்லை, என் மகளுக்கு முதல் நாள், ஒன்பதரைக்கு வகுப்பு, ஆலப்பாக்கம் தாண்டி நடுரோட்டில் நிற்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. காலையில் வேலைக்குச் சீக்கிரமாக வந்து வேலைச் சட்டையை மாட்டியபோது கையில் தட்டுப்பட்டதாம். என் எண்ணைத் தேடி எடுத்து அப்போதிலிருந்து கூப்பிடுகிறாராம்.

"ரெட் லைட் எரிஞ்ச பெறகு எவ்ளோ தூரம் ஓட்னீங்க?"

"ஓட்டல. பாப்பா உடனே நிறுத்திட்டா."

"அது போதும். ஸ்டார்ட் பண்ணாதீங்க, யாரையும் தொட உடாதீங்க. கெளம்பிட்டேன்."

போனை வைத்தபோது, பஞ்சர் கடைக்காரர் கயிற்றோடு வந்து நின்றார். மச்சானிடம் பேசிவிட்டாராம். "யாரு மேடம், ஷோரூமா? இப்ப வரன்னுதான் சொல்வான். மத்தியானம் வரைக்கும் இப்பிடியே நிப்பீங்க."

அவரும் கெட்டவர் இல்லை. எனக்கு உட்கார ஸ்டூல் போட்டார், டீ வாங்கித் தந்தார். கயிறும் கண்ணெதிரே இருந்தது. ஷோரூம் பக்கம் இருந்ததெல்லாம் ஒரு குரல்தான், அதுவும் இந்த வேலையைக் கெடுத்த ஆளின் குரல். கொஞ்ச நேரம் எழுந்தேன், உட்கார்ந்தேன். நாலு நாள் என்றால் மகள் அறையை முடித்துவிடுவாள். கட்டி இழுக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்கூட.

ஆனால் அந்த ஆள், மூடி உங்கள் வீட்டில் விழுந்திருக்கும், வழியில் கழன்றிருக்கும் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். பாக்கெட்டில் இருக்கிறது என்று சொன்னார். நேற்று நீங்கள் கேள்வி கேட்டதால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இருக்கட்டுங்க, அவரு வரட்டும்" என்றேன். கடைக்காரர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். கடைக்குள் மட்டும் போகவில்லை. அவருக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

சிவப்பு விளக்கு எதைப் பார்த்தாலும், டிவிக்குக் கீழே எரிகிறதே அதைப் பார்த்தாலும்கூட, எனக்கு இன்னும் அந்தப் பஞ்சர் கடை ஸ்டூல்தான் ஞாபகம் வரும். அந்த ஒரு மணி நேரத்தில் என் மனம் இஞ்சினை இறக்கி, காரை விற்று, மகளுக்கு அறைக்கு வாளியும் தலையணையும் வாங்கி, அவளைச் சிதம்பரத்தில் குடிவைத்தும் முடித்திருந்தது. ஒன்பதே காலுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது: "வந்துட்டேன். இஞ்சின்?" பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்பதரைக்கு ஒரு பைக் வந்து நின்றது. முன்னால் டேங்க் மேல் ஆயில் கேன், ஹேண்டிலில் துணி மூட்டை. அவர்தான். வணக்கம் சொல்லிவிட்டு நேராக வண்டிக்குப் போனார். நான் எழுந்தேன், இரண்டடி வைத்தேன், அங்கேயே நின்றுகொண்டேன். வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

கம்பியை உருவிப் பார்த்தார். துடைத்தார், திரும்ப விட்டு உருவினார். நுனியில் எதையோ பார்த்துத் தலையாட்டினார். சுற்றிலும் வழிந்ததையெல்லாம் துணியால் ஒற்றி எடுத்தார். ஆயிலை ஊற்றினார், நின்றார், மறுபடி கொஞ்சம் ஊற்றினார். சட்டைப் பையிலிருந்து மூடியை எடுத்துத் திருகி, இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"சீஸ்தான?" என்று பஞ்சர் கடைக்காரர் எனக்குப் பதிலாகக் கேட்டார். வந்தவர் காதில் வாங்கவில்லை. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. விளக்கு எரிந்து அணைந்தது. இறங்கி வந்து, இஞ்சின் பக்கம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு லாரி போனது. அது போய் முடியும்வரை காத்திருந்து, மறுபடியும் கேட்டார்.

பிறகு பானெட்டைத் தானே மூடினார், கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல டீச்சர். கீழ் மார்க்குக்குக் கீழ கொஞ்சம் எறங்கியிருந்துச்சு, அவ்ளோதான். பாப்பா நாளைக்கே ஓட்டிட்டுப் போவட்டும். தப்பு என்னுதுதான், மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்." துணியை மடித்து இடுப்பில் செருகினார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த சர்வீஸுக்குப் பாப்பா மட்டும் வரட்டும்."