முந்த முடியாத பாதையில் முந்திய லாரி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு நாள் மதியம் நடந்தவை:

1. எடை மேடை ஒரு லாரியின் சரக்கை, பில்லில் இருந்ததைவிடக் குறைவாகக் காட்டியது.
2. வழியில் திருடிவிட்டார் என்று டிரைவரை ஆபீசில் உட்கார வைத்தார்கள்.
3. போலீசைக் கூப்பிட மானேஜர் போனை எடுத்தார்.

"கன்டெய்னர் சீல் அப்டியே கீது சார். நான் இன்னாத்த எட்த்தேன்? இன்னொரு வாட்டி எடை போடு சார்."

"மெஷின் பொய் சொல்லுமா? பின்னாடி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. உன் ஒருத்தனுக்காக எல்லா வண்டியையும் ரிவர்ஸ் எடுக்கச் சொல்றியா?"

கேட், எடை மேடை, கிரேன் மூன்றுக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள். நடப்பதை ஒவ்வொன்றும் தன் லாக் ஃபைலில் வரிவரியாக எழுதும். மாறி மாறித் திறந்து பார்த்து அலுத்துப்போய், ஒரு கட்டளை அடித்தால் மூன்றும் நேர வரிசைப்படி ஒரே கறுப்புத் திரையில் ஓடுமாறு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். படம் கிடையாது, பட்டன் கிடையாது. "இன்னாம்மா, டிவி ரிப்பேரா?" என்பார் கேட் செக்யூரிட்டி.

அன்று அந்தத் திரையில் முந்தைய வரிகளுக்குப் போய்ப் பார்த்தேன். கேட்டில் இந்த டிரைவரின் லாரி முதலில், இன்னொரு லாரி அடுத்து. எடை மேடையிலோ பின்னால் வந்தது முதலில். நடுவில் இருப்பது ஒரே வண்டி போகும் பாதை, முந்தவே முடியாது.

"அண்ணே, கேட்ல தந்த சீட்டை எடைக் கவுன்டர்ல யார் கொடுத்தது?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "பின்னாடி வண்டி நம்ம தோஸ்து மேடம். அவன்கிட்ட குட்த்துட்டு டீ அடிக்கப் போனேன். சொன்னா ஃபைன் போடுவாங்கன்னு..."

அங்கே எல்லா டிரைவர்களும் செய்வதுதான். ஒருவர் இரண்டு சீட்டையும் கவுன்டரில் நீட்டுவார், மற்றவர் டீ குடித்துவிட்டு வந்து வண்டியை மேடையில் ஏற்றுவார். அன்று நண்பரின் சீட்டு மேலே இருந்திருக்கிறது. கவுன்டரில் இருந்தவர் நம்பர் பிளேட்டைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தே பதிந்ததில் இரண்டு எடைகளும் இடம் மாறிவிட்டன. நண்பரின் கணக்கில் எடை கூடியிருந்தது. குறைந்தால்தான் எங்கள் சிஸ்டம் கத்தும், கூடினால் கத்தாது.

திரையை மானேஜரிடம் காட்டினேன். அவர் போனை வைத்துவிட்டு வரிசையை ஒதுக்கச் சொன்னார். மறு எடை சரியாக இருந்தது.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வா மாமு, டீ ஆறிடப் போவுது" என்று செக்யூரிட்டி கிண்டல் செய்ததும் சிரித்துவிட்டார்.

யார்மீது என்ன குற்றம் காதில் விழுந்தாலும், பக்கத்து வரிகளையும் படிக்காமல் இன்றுவரை நான் நம்புவதில்லை. அந்த அண்ணன் இன்னும் அதே யார்டுக்குத்தான் லாரி ஓட்டுகிறார்.