நெஞ்சில் போட்ட பட்டி அடையாளம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆடி மாசம். வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்துல எங்க ஊரு. ஆடு வளர்க்கிறேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

சோறு முழுங்கினா நெஞ்சுல நிக்கும். தண்ணி குடிச்சா எறங்கும். பிறகு தண்ணிக்கும் எறங்கல. கள்ளக்குறிச்சிக்குப் போய்க் காட்டினேன். குழாய் விட்டுப் பாத்தாங்க, சதை எடுத்து சோதிச்சாங்க. உணவுக்குழாயில புத்துநோய்னு டாக்டர் சொன்னாரு. சரின்னேன். என் மூஞ்சியையே பாத்தாரு. காது கேக்கலைன்னு நெனச்சு இன்னொரு தடவை சத்தமா சொன்னாரு. மறுபடியும் சரின்னேன்.

இதுக்கு அறுக்கிறது, ஊசி மருந்து, கரண்டு வைக்கிறது, அதான் கதிர்வீச்சுன்னு மூணு வைத்தியம் இருக்காம். எனக்கு முதல்ல ஊசியும் கரண்டும், பிறகு பாத்துட்டு வேணும்னா அறுக்கலாம்னாங்க. காப்பீட்டு அட்டையில முடிச்சுக்கலாம், ஆனா கரண்டு மெஷினுக்கு வெளியூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு எழுதிக் குடுத்தாங்க. பஸ்ஸுல மூணு மணி நேரம். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அங்கயே ரூம் எடுத்துத் தங்கணும். ஆறு வாரம்.

ஊர்ல யாருக்கும் சொல்லல. பேரைக் கேட்டாலே துக்கம் விசாரிக்க வந்துடுவாங்க. வாட்ச்மேன் வேலை கெடைச்சிருக்கு, சமைக்க வூட்டுக்காரியும் வரான்னு சொல்லிட்டு ஆட்டைத் தம்பிகிட்ட விட்டேன். சனி ஞாயிறு லீவு விடுற வாட்ச்மேன் வேலை எங்கடான்னு ஒருத்தரும் கேக்கல.

கரண்டு வைக்கிறதுன்னா ஷாக் அடிக்கும்னு நெனச்சிருந்தேன். ஒண்ணும் தெரியல. மேசையில படுத்தா மெஷின் சுத்தும், எழுந்து வந்துடலாம். அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்து, நெஞ்சுலயும் ரெண்டு விலாவுலயும் மையால கோடு போட்டாங்க. மெஷின் பாக்கிற அம்மா ஒருத்தங்க, கண்டிப்பானவங்க. அவங்க ஒண்ணுதான் சொன்னாங்க. இந்தக் கோடு அழியக்கூடாது. அழிஞ்சா நீங்களா போடக்கூடாது, உடனே வந்து சொல்லணும். கோட்டை வெச்சுத்தான் கரண்டு எங்க போகணும்னு பாக்குறது. தலையை ஆட்டினேன்.

ரெண்டாவது வாரம் ஞாயித்துக்கிழமை ஊர்ல கூழ் ஊத்தித் திருவிழா. எங்க பக்கம் முறைக்காரங்க மேல மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. என் கொழுந்தியா, அதான் என் வூட்டுக்காரியோட தங்கச்சி, குடத்தோட வந்து எதிர்ல நின்னுது. வேணாம்னு சொன்னா ஏன்னு கேக்கும். ஏன்னு சொன்னா ஊருக்கே தெரியும். அசையாம நின்னேன். முழுக் குடமும் ஊத்திச்சு.

"இன்னா மாமா, மழையில நிக்கிற எருமை மாதிரி நிக்கிற"ன்னு கேட்டுச்சு.

வூட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டினேன். நெஞ்செல்லாம் மஞ்சள். கோட்டைக் காணோம்.

என் வூட்டுக்காரி பாத்தா. உள்ள போயி பச்சை பெயிண்டு டப்பாவும் வேப்பங்குச்சியும் எடுத்துக்கினு வந்தா. அது ஆட்டுக்கு அடையாளம் போடுறது. மலையில நாலஞ்சு பட்டி ஆடு ஒண்ணா மேயும், அதனால வூட்டுக்கு ஒரு அடையாளம் உண்டு. எங்களது ஒரு வட்டம், உள்ள ரெண்டு கோடு.

"அந்தம்மா நம்மளா போடக்கூடாதுன்னு சொன்னாங்க"ன்னேன்.

"தெனம் பாத்த கோடுதான. நூறு ஆட்டுக்குப் போடுறவ, உங்க ஒருத்தருக்குப் போட மாட்டனா? ஆடாவது துள்ளும். நீங்க சும்மா குந்துங்க."

குந்தினேன். வெரக்கடை வெச்சு அளந்து போட்டா. நேராத்தான் இருந்துச்சு.

திங்கட்கிழமை மேசையில படுத்தேன். லைட்டை அணைச்சதும் செவப்பா ஒரு வெளிச்சக் கோடு நெஞ்சு மேல விழும். அது மைக்கோட்டு மேல சரியா உக்காரணும். உக்காரல. அந்தம்மா மேசையை மேல ஏத்தினாங்க, கீழ எறக்கினாங்க. அப்புறம் லைட்டைப் போட்டுட்டுக் குனிஞ்சு பாத்தாங்க.

"ஐயா, இந்தக் கோடு யாரு போட்டது?"

"நீங்கதாம்மா."

"நாங்க பச்சையில போட மாட்டோமே."

நான் மெஷினைப் பாத்தேன்.

"கோடு இருக்கட்டும். இந்த வட்டம் இன்னாது?"

வட்டமா? கோடு நேரா இருக்கான்னு மட்டும்தான் நான் பாத்திருந்தேன். தலையைத் தூக்கிப் பாத்தேன். நெஞ்சுக்குக் கீழ, வட்டம், உள்ள ரெண்டு கோடு.

"அது எங்க பட்டி அடையாளம்மா."

அவங்க வெளிய போயிட்டாங்க. கதவுக்கு அந்தாண்ட சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. ஒருத்தர் சிரிப்பு இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு வந்தாங்க. கண்ணு ஈரமா இருந்துச்சு, மூஞ்சி மட்டும் கண்டிப்பா.

"ரெண்டு வெரக்கடை தள்ளிப் போட்டிருக்கு. இதை நம்பி வெச்சா நோய் தப்பிச்சுக்கும், நல்ல இடம் வெந்துடும். பழைய கோடு எப்படி அழிஞ்சுது?"

மஞ்சத்தண்ணி ஊத்தினதைச் சொன்னேன்.

"ஊத்தறப்ப வேணாம்னு சொல்லக்கூடாதா?"

"ஊருக்குத் தெரியாதும்மா. வாட்ச்மேன் வேலைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எதைக் காவல் காக்குறீங்க?"



பெயிண்டு லேசுல போகல. தோலு ஏற்கெனவே சூடு பட்ட தோலு, மண்ணெண்ணெய் போட முடியாது. தேங்காண்ணெய் வெச்சு ஒரு மணி நேரம் தொடைச்சாங்க. திரும்ப ஸ்கேன், திரும்பக் கோடு. ஒரு நாள் விடக்கூடாதுன்னு அந்தம்மா சாப்பிடப் போகாம நின்னு, சாயங்காலம் எல்லாரும் போன பிறகு எனக்குக் கரண்டு வெச்சாங்க.

ரூமுக்கு நடந்து வரும்போது வூட்டுக்காரிகிட்ட கேட்டேன். "கோடு போட்ட, சரி. வட்டம் எதுக்குடி?"

"கை பழக்கம்"னா. பத்தடி நடந்தா. அப்புறம், "மலையில தொலைஞ்ச ஆட்டைக்கூட அடையாளம் பாத்து யாராவது ஓட்டிக்கினு வந்து வுட்டுட்டுப் போறாங்கல்ல"ன்னா.

அவளுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்.

அந்த சனிக்கிழமை ஊர்ல சொல்லிட்டேன். கொழுந்தியா அழுதுச்சு. அழுதுகினே, "வாட்ச்மேனாம் வாட்ச்மேன். உன் நெஞ்சுல இருந்த கோட்டையே உன்னால காவல் காக்க முடியல"ன்னுச்சு. ரெண்டு நாளும் ஜனம் வந்துக்கினே இருந்துச்சு. ஆளாளுக்கு பிஸ்கட்டு. முழுங்க முடியாதவனுக்கு ஏன் பிஸ்கட்டுன்னு எனக்கு இன்னும் புரியல. ஆடுங்க தின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் போன பிறகு ஒருத்தர் மட்டும் நின்னாரு. மரவள்ளி புடுங்கப் போற ஆளு, எங்க தெரு. கிட்ட வந்து வாயைத் தொறந்தாரு. நாக்குக்குப் பக்கத்துல புண்ணு.

"ஆறு மாசமா ஆறல. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. கரண்டு வலிக்குமா?"

"வலிக்காது. நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வா"ன்னேன்.

கள்ளக்குறிச்சியில எறங்கி அவரை டாக்டர்கிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் நான் அடுத்த பஸ் ஏறினேன். அதே நோய்தான், ஆனா சின்னது. அறுத்து எடுத்ததோட முடிஞ்சுது. கரண்டே வைக்கல. இப்ப வெத்தலையை வுட்டுட்டாரு, பேச்சு மட்டும் ஜாஸ்தி ஆயிடுச்சு.

எனக்கு ஆறு வாரம் முடிஞ்சுது. அறுக்க வேண்டியதில்லன்னாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிட்டு வரேன். சோறு எறங்குது. ஆனா அந்தக் குடத்துத் தண்ணி என் மேல விழாம இருந்திருந்தா நான் கடைசி வரைக்கும் வாட்ச்மேனாவே இருந்திருப்பேன், அவரும் வாயை மூடிக்கினே இருந்திருப்பாரு. அதை நெனச்சா இன்னிக்கும் பயமா இருக்குது, என் நோவுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படல.